மூன்றாம் குரூப்பில் விழுந்த பெயர்

சேர்க்கைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். விண்ணப்பங்களை எப்படி அடுக்குவது, பட்டியலை எப்படித் தயாரிப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. உங்கள் மேசையில் இப்போது கணினி இருக்கிறது. அது என்னைவிட நன்றாக அடுக்கும். கல்லூரி அலுவலகங்களில் ஆயுளைக் கழித்தவன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பெருமையாகச் சொல்ல எனக்கும் நாலைந்து விஷயங்கள் உண்டு. அவற்றை நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது என் முதல் வருஷத்துத் தப்பு ஒன்றை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்தான். முதல் ஆள் நான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம். நம்ம பகுதி திருவனந்தபுரத்தோடு சேர்ந்திருந்த காலம். நாகர்கோவிலில் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளி முடித்தவர்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் இன்டர்மீடியட் படிக்கவேண்டும். அதில் ஒன்றாம் குரூப் என்றால் கணக்கு, பௌதிகம், ரசாயனம். மூன்றாம் குரூப் என்றால் சரித்திரம், தர்க்கம், பொருளாதாரம். விண்ணப்பத்தில் எந்தக் குரூப் என்று ரோமன் எண்ணில் எழுதித் தருவார்கள். அதைப் பெரிய பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. பேரேட்டைப் பார்த்துத்தான் பட்டியல் தட்டச்சாகும். பட்டியலின் நகல் பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

ஜூன் மழை உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் கொண்டுவந்த பாதிப் பேர் நனைந்துதான் வந்தார்கள். மை கலைந்த தாள்கள் கட்டுக்கட்டாக என் முன்னால் இருந்தன. அதில் ஒன்று பூதப்பாண்டியிலிருந்து வந்த பகவதியம்மாளுடையது. குரூப் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு தெளிவாக இருந்தது, அதன் பக்கத்தில் மை இழுபட்டிருந்தது. நான் பெயரைப் பார்த்தேன். மூன்று கோடு போட்டேன். அடுத்த தாளை எடுத்தேன்.

அதற்கும் முந்தின தாள் ஒரு பையனுடையது. அதிலும் இதேபோல மை கலைந்திருந்தது. அதை எழுந்துபோய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, பின்பக்கம் அழுத்தம் எங்கே விழுந்திருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மழை இரண்டு தாளையும் ஒரே மாதிரித்தான் நனைத்தது. எழுந்து ஜன்னலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு பண்ணியது நான்.

பட்டியல் ஒட்டிய மறுநாள் அவள் வந்தாள். ஒல்லியான பெண், பதினாறு பதினேழு வயது. கூட வந்த சித்தியை வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"சார், எம் பேரு மூணாம் குரூப்புல கெடக்கு. நான் ஒண்ணாம் குரூப்புக்காக்கும் எழுதிக் குடுத்தேன்."

"லிஸ்டு போட்டாச்சு. இனி மாத்த முடியாது."

"மாத்தச் சொல்லல்ல சார். நான் எழுதினது என்னண்ணு பாக்கச் சொல்லுகேன். என் பேப்பரை எடுத்துக் காட்டுங்கோ."

"அது ஆபீஸ் ரெக்கார்டு. வருகவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்ட முடியாது."

எனக்குப் பின்னால் தலைமை எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சரித்திரத்தின் அருமையைப் பற்றி அவளுக்கு ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். மூன்றாம் குரூப் படித்தால் வக்கீலாகலாம், வாத்தியாராகலாம், உலகத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்றேன். நான் படித்ததும் மூன்றாம் குரூப்தான். பாதிப் பாடம் எனக்கே மறந்துபோயிருந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். "சரித்திரம் கொள்ளாம் சார், நல்லதுதான். ஆனா நான் கேட்டது அதில்லல்லா?" என்றாள்.

பின்னால் வரிசை நிற்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு கட்டை அவிழ்த்து அவள் விண்ணப்பத்தை எடுத்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். ஒற்றைக் கோடு. பக்கத்தில் இருந்தது அவள் விரலோ வேறு யார் விரலோ பட்ட ஈரம். அவ்வளவுதான். பள்ளி இறுதியில் அவள் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணையும் அப்போதுதான் பார்த்தேன். ஒன்றாம் குரூப் பட்டியலில் அவளைவிடக் குறைவாக வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

தலைமை எழுத்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை வேலையில் சேர்க்கச் சொல்லி முதல்வரிடம் பேசியவரே அவர்தான்.

"வேய், நீரு சின்னப் பிள்ளையா?" என்றார். "லிஸ்டு திருவனந்தபுரத்துக்குப் போயாச்சு. ஒண்ணாம் குரூப்புல சீட்டும் நெறஞ்சாச்சு. இனி நாம தப்பா எழுதிட்டோம்ணு எழுதினா, யாரு எழுதினாண்ணு கேப்பாவ. நீரு டெம்பரரியாக்கும். அது நெனப்பிருக்கா?"

"அந்தப் பிள்ளைக்க பேப்பர்ல ஒண்ணுதான் போட்டிருக்கு அண்ணாச்சி."

"பொம்பளப் பிள்ளை. நாலு நாள் முகத்தைத் தூக்கிவச்சிருக்கும். பொறவு சரித்திரம் படிக்கும். சவத்த விடும்."

விட்டேன். அண்ணாச்சி சொன்னதால் விட்டேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. விடச் சொல்லி ஒருவர் சொல்லவேண்டும் என்றுதான் அவரிடமே போனேன்.

ஆனால் அவள் விடவில்லை. கல்லூரி திறந்த அன்று நேராகக் கணக்கு வகுப்புக்குப் போய் முன்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்தார்கள், இவள் மூன்றாவது. கணக்கு ஆசிரியர் எண்ணைச் சொல்லித்தான் வருகை எடுப்பார். இவளுக்கு எண் இல்லை, கூப்பிடவும் இல்லை. பௌதிக ஆய்வகத்தில் அவள் பெயருக்கு மேசை இல்லாததால் அடுத்தவர்கள் மேசை ஓரத்தில் நின்று குறித்துக்கொண்டாளாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. எனக்கு வந்துகொண்டிருந்தது தர்க்க ஆசிரியரின் அறிக்கை. வகுப்புக்கு வராதவர்கள் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வாராவாரம் அனுப்பிவிடுவார். முதல் வாரம் பகவதியம்மாள். இரண்டாம் வாரம் பகவதியம்மாள். ஆகஸ்டு முழுக்கப் பகவதியம்மாள்.

விதிப்படி, தொடர்ந்து வராத மாணவரின் வீட்டுக்கு அலுவலகம் ஒரு கார்டு போடவேண்டும். அச்சடித்த வாசகம் இருந்தது. பெயரை மட்டும் நிரப்பவேண்டும். செப்டம்பர் முதல் வாரம் பதினெட்டுக் கார்டு எழுதினேன். பதினோராவதோ பன்னிரண்டாவதோ அவளுடையது. எழுதும்போது கை நிற்கத்தான் செய்தது. அவள் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அரசல்புரசலாக என் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் அறிக்கையில் பெயர் இருக்கிறது, கார்டு போடுவது விதி என்று நிரப்பிவிட்டேன்.

நாலாம் நாள் காலை பத்தரை மணிக்கு அவள் அப்பா வந்தார். கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுப்பு நேரம். களத்திலிருந்து அப்படியே பஸ் ஏறியிருப்பார் போல. வேட்டியில் வைக்கோல் தூசி இருந்தது. கையில் கார்டு. அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி பகவதி நின்றாள். அலுவலகத்தில் இருபது பேராவது இருந்தார்கள்.

"இது ஆரு போட்ட கார்டு?"

"ஆபீஸ்ல போட்டது அண்ணாச்சி," என்றேன்.

"எம் மவ டெய்லி காலத்த எட்டு மணி வண்டிக்கு ஏறுகா. சாயங்காலம் வந்து எறங்குகா. திறந்த நாள்ல இருந்து வகுப்புக்கு வரல்லண்ணு நீங்க எழுதியிருக்கியோ. அப்பம் அவ எங்க போறா? அதைச் சொல்லும்."

"அப்பா, நான் கணக்கு கிளாஸ்ல..." என்று பகவதி ஆரம்பித்தாள்.

"நீ மிண்டாத." அவர் திரும்பவே இல்லை. "அஞ்சல்காரன் இந்தக் கார்டைத் தெருவுல நின்னு வாசிச்சிட்டாக்கும் எனக்குத் தந்தான். ஊருபூரா கேட்டாச்சு. சாரே, ஒரு வார்த்தை சொன்னா மதி. எம் பிள்ளை இங்க வந்தாளா, வரல்லியா?"

நாம் செய்கிற வேலையில் நெருக்கடி என்றால் தேர்வு நாளில் வினாத்தாள் குறைவது, மின்சாரம் போவது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கெல்லாம் ஏதாவது வழி கிடைக்கும். இது வேறு மாதிரி. கேள்வி எளிது, பதிலும் தெரியும், அதைச் சொல்ல ஐந்து விநாடி போதும். அந்த ஐந்து விநாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற என் நியமன உத்தரவின் கடைசி வரிதான். பின்னால் தலைமை எழுத்தர் தொண்டையைச் செருமினார்.

"ரெஜிஸ்டர்ல வரல்லண்ணுதான் இருக்கு," என்றேன்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அலுவலகத்தில் உட்காருகிறவர்களுக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் சீக்கிரம் பழகிவிடும். உங்களுக்கும் பழகும். அப்போது என் ஞாபகம் வரட்டும்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "வாட்டி," என்றார் மகளிடம். பகவதி என்னைப் பார்த்தாள். அழவில்லை. இவ்வளவுதானா என்பதுபோலப் பார்த்தாள். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

மத்தியானம் கணக்கு ஆசிரியர் அலுவலகத்துக்குள் வந்தார். கோபக்காரர்; எங்களில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார். கையில் ஒரு நோட்டு.

"முன்பெஞ்சுல மூணாவதா ஒரு பிள்ளை இருக்குமே, அது எங்க வேய்? திருத்தின நோட்டைக் குடுக்கணும்."

"அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு சார்."

"எதுக்கு?"

நான் சொன்னேன். கார்டு போட்டதையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "மூணு மாசமா என் கண்ணு முன்னால இருக்கு. ஒரு நாள் வராம இருந்ததில்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

எனக்கும் எரிச்சல் வந்துவிட்டது. "ரெஜிஸ்டர்ல இல்லாத பிள்ளை மூணு மாசமா இருக்குண்ணு நீங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"பேரு பொறவு வரும்ணு நெனச்சேன். லிஸ்டு உங்க வேலை, கணக்கு என் வேலை."

நோட்டை என் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பாருங்கள், ஒரு பெண் மூன்று மாதம் தினமும் வந்து எல்லார் கண்முன்னாலும் உட்கார்ந்திருக்கிறாள். தர்க்க ஆசிரியருக்கு அவள் வரவில்லை. கணக்கு ஆசிரியருக்கு அவள் பெயர் பிறகு வரும். தலைமை எழுத்தருக்குப் பட்டியல் போயாயிற்று. எனக்கு ரெஜிஸ்டரில் அப்படித்தான் இருக்கிறது. அவரவர் அளவில் யாரும் பொய் சொல்லவில்லை. அவள் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நோட்டைப் பிரித்தேன். எனக்குக் கணக்கு புரியாது. ஆனால் முதல் பக்கத்தில் அவள் பெயருக்குக் கீழே, எண் எழுதவேண்டிய இடத்தில் எண் இல்லாமல் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தாள். எண் கிடைத்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருக்கிறாள். மூன்று மாதமாக அது காலியாகவே இருந்தது.

விண்ணப்பத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். தலைமை எழுத்தர் "வேய், வேய்" என்று கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. நின்று கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

முதல்வர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். திட்டவில்லை. "இது ஜூன் மாதமே தெரியும் என்கிறீர். செப்டம்பரில் ஏன் வந்தீர்?" என்று மட்டும் கேட்டார். என்னையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "பயம் சார்," என்றேன். "நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாரும். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் அப்பாவைப் போய்ப் பாரும்," என்றார்.

மறுநாள் பூதப்பாண்டிக்குப் போனேன். வீட்டில் கேட்டபோது களத்தில் இருக்கிறார் என்றார்கள். நெல் சூடடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் வேலையை நிறுத்தவில்லை. நான் வரப்பில் நின்றபடியே சொல்லவேண்டியிருந்தது. ஆட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் மாற்றி எழுதியது நான், தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான், கார்டு போட்டதும் நான் என்று சொன்னேன். உங்கள் மகள் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை என்றேன்.

"அப்பம் அந்தக் கார்டு பொய்யா?"

"ஆமா அண்ணாச்சி."

"நேத்தைக்கு நான் கேக்கும்போ வாயில என்ன வச்சிருந்தீரு?"

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"மன்னிச்சுக்கிடுங்கண்ணு இங்க வந்து சொன்னா இந்த நாலு ஆளு கேப்பான். அந்தக் கார்டை ஊரு கேட்டிருக்கு. ஒண்ணு செய்யும். அதே மாதிரி இன்னொரு கார்டு எழுதிப் போடும். கவரு வேண்டாம். அஞ்சல்காரன் இதையும் தெருவுல நின்னு வாசிக்கட்டும். அது வந்தப் பொறவு எம் பிள்ளை பஸ் ஏறுவா."

அன்று மாலை நாகர்கோவில் தபாலாபீஸிலேயே நின்று எழுதினேன். "தங்கள் மகள் பகவதியம்மாள் கல்லூரி திறந்த நாள் முதல் ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வந்திருக்கிறாள். வரவில்லை என்று முன்பு எழுதியது பிழை. பிழை செய்தவன் கீழே கையெழுத்திட்டிருக்கும் நான்." முதல்வரிடம் அனுமதி கேட்கவில்லை. பிறகு தெரிந்தபோது தலைமை எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கல்லூரிக்க பேரை அஞ்சல்காரன் வாயில போட்டுட்டீரே வேய்!" என்றார். கல்லூரியின் பெயரை நான் அந்தக் கார்டில் எழுதவே இல்லை. அது அவருக்குத் தெரியாது.

நாலாம் நாள் பகவதி திரும்ப வந்தாள். அப்போதும் எண் இல்லாமலேதான் உட்கார்ந்தாள்.

இனித் திருவனந்தபுரம். குரூப் மாற்றப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். முதல் தடவை முதல்வர் கடிதத்தோடு போனேன். தக்கலை, மார்த்தாண்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று பஸ் நின்று நின்று போகும். பாதி நாள் அதிலேயே போய்விடும். அங்கே விண்ணப்பத்தின் மூலத் தாளைக் கேட்டார்கள். எடுத்துப் போகவில்லை. நியாயமான கேள்வி; நான்தான் யோசிக்கவில்லை. இரண்டாம் தடவை மூலத் தாளோடு போனேன். கணக்கு ஆசிரியர் அவள் வருகைக்குக் கொடுத்த சான்றில் கல்லூரி முத்திரை இல்லை. முத்திரை என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னை நானே திட்டியதை இங்கே சொன்னால் என்னை மறுபடி பேசக் கூப்பிட மாட்டீர்கள்.

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. வயதான அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "ஆய்வகப் பதிவு எங்கே?" என்றார். அது இல்லை. அவளுக்கு மேசையே இல்லாதபோது பதிவு எங்கிருந்து வரும்? அடுத்தவர்கள் பக்கத்தில் நின்று எல்லாப் பரிசோதனையும் பார்த்திருக்கிறாள் என்று வாதாடினேன். அவர் மலையாளத்தில் சாந்தமாகச் சொன்னார்: "குட்டி படிச்சிட்டுண்டாகும். பக்ஷே, கடலாசில் இல்லல்லோ." பெண் படித்திருக்கலாம், ஆனால் காகிதத்தில் இல்லையே. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜூன் மாதம் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நின்ற பெண்ணிடம் நானும் இதைத்தானே சொன்னேன் என்பது உறைத்தபிறகு அவரிடம் சண்டை போட வாய் வரவில்லை.

அனுமதி கிடைத்தது. ஆனால் அடுத்த ஜூனிலிருந்து, முதலாம் வருஷத்திலிருந்து. ஒரு வருஷம் போயிற்று.

அதை அவள் வீட்டுக்குப் போய்த்தான் சொன்னேன். அப்பாவும் மகளும் இருந்தார்கள். தலைமை எழுத்தர் சொல்லி அனுப்பிய இன்னொரு வழியையும் மறைக்காமல் சொன்னேன். இப்போதே தர்க்க வகுப்பில் போய் உட்கார்ந்தால் விட்டுப்போன வருகைக்கு முறைப்படி விலக்குக் கேட்கலாம்; மூன்றாம் குரூப்பிலேயே வருஷம் வீணாகாமல் முடிக்கலாம்.

"ஒரு வருஷம் கூடுனா இவளுக்கு வயசும் ஒண்ணு கூடும்," என்றார் அப்பா. "நாளைக்கு ஒருத்தன் பெண் கேட்டு வந்தா, ஏன் ஒரு வருஷம் கூடப் படிச்சாண்ணு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

"ஆபீஸ்ல தப்பா எழுதிட்டாவண்ணு சொல்லுங்கோப்பா," என்றாள் பகவதி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் மறுபடி முதல் வருஷத்துல இருந்தே படிக்கேன். ஆனா மூணாம் குரூப்புக்குப் போக மாட்டேன். அதுக்குப் போறதா இருந்தா ஜூன் மாசமே போயிருப்பேன்லா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரு பூ நெல்லு சாவியாப் போனா அடுத்த பூ வெதைக்காமலா இருக்கோம்? சரி, இருக்கட்டும். ஆனா சாரே, இந்த ஒரு வருஷத்தை எடுத்தது நீராக்கும். அது எனக்கு மறக்காது."

மறக்கவேண்டாம் என்றேன்.

முதல்வர் எனக்குக் குறிப்பாணை கொடுத்தார். நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அவளுக்கு ஒரு வருஷம், எனக்கும் ஒரு வருஷம் என்று நினைத்தாரோ என்னவோ, கேட்கவில்லை. சமமில்லை என்று மட்டும் தெரியும். எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. தலைமை எழுத்தர் என்னோடு ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை.

அடுத்த வருஷம் பேரேடு எழுத உட்கார்ந்தபோது ஒரு மரஸ்கேல் எடுத்துவந்தேன். முதலில் பெயரையும் ஊரையும் அப்பா பெயரையும் ஸ்கேலால் மறைத்துவிடுவேன். குரூப்பை மட்டும் வாசித்து எழுதுவேன். பிறகுதான் ஸ்கேலை நகர்த்திப் பெயரைப் பார்ப்பேன். இருமடங்கு நேரம் ஆகும். பக்கத்து மேசைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். ஓய்வு பெறுகிறவரை அப்படித்தான் செய்தேன். என் கண்ணை நான் நம்பத் தயாராக இல்லை. உங்கள் கணினியில் பெயரை மறைக்க வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் எழுந்துபோய்த் தாளைப் பாருங்கள். எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம்.

பகவதி ஐம்பத்து மூன்று ஜூனில் மறுபடி முதல் வருஷம் உட்கார்ந்தாள். இந்தத் தடவை எண்ணோடு. இரண்டு வருஷத்தில் முதல் வகுப்பில் தேறினாள். அந்த இரண்டு வருஷமும் அலுவலகத்துக்கு வரநேர்ந்தால் அடுத்த ஜன்னலுக்குத்தான் போவாள். அங்கே நீளமான வரிசை நின்றாலும் என் ஜன்னலுக்கு வரமாட்டாள். எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. மூன்று தடவை திருவனந்தபுரம் போனேனே, தெருவறியக் கார்டு எழுதினேனே, ஒரு தலையாட்டல்கூடக் கிடையாதா என்று மனசுக்குள் முனகியிருக்கிறேன். நம் தப்பை நாம் சரிசெய்ததற்கு நன்றி எதிர்பார்க்கிற புத்தி எல்லாருக்கும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஐம்பத்தைந்து ஜூனில், கணக்குப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். அன்று அடுத்த ஜன்னல் மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் என் முன்னால் வந்து நின்றாள். நான் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தேன். நல்ல கையெழுத்தில், நிதானமாக எழுதியிருந்தேன். நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டு போகவில்லை. ஜன்னல் பலகையிலேயே விரித்துவைத்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். யாரோ முணுமுணுத்தார்கள். அவள் நிமிரவில்லை. பிறந்த தேதியில் விரல் நின்றது, நகர்ந்தது. குரூப்பில் நின்றது, நகர்ந்தது. அப்பா பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"சார், அப்பாக்க இன்ஷியல் ரெண்டு. நீங்க ஒண்ணு விட்டிருக்கியோ."

வாங்கிப் பார்த்தேன். விட்டிருந்தேன்.

"இதுக்குள்ளயே சேத்து எழுதித் தரட்டா?" என்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"வேண்டாம் சார். அடிச்சுத் திருத்தினது வேண்டாம். புதுசா எழுதுங்கோ. நான் நிக்கேன்."

புதிய படிவம் எடுத்தேன். எழுத ஆரம்பித்தேன். நான் கடைசி எழுத்தை எழுதி, மையை ஒற்றி, முத்திரை குத்தும்வரை அவள் என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.